அஞ்சு கட்டையும் அறுபத்தொரு கட்டையும்

2023 தீபாவளிக்குப் பத்து நாள் முன்னால் நான் சீட்டு எடுத்தேன். இருபதாயிரம் ரூபாய்ச் சீட்டு. தள்ளு போக 17,400 ரூபாய் கைக்கு வந்தது. வீட்டில் பிரிட்ஜ் கதவு சரியாக மூடாமல் தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது. "பழசைக் குடுத்துட்டுப் புதுசு எடுத்திருவோம்" என்று என்னவர் ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அன்று ராத்திரி சாப்பாடு பரிமாறும்போது, "இந்தப் பணத்துல நான் கீபோர்டு வாங்கலாம்னு இருக்கேன்" என்றேன்.

"யாருக்கு?"

"எனக்குத்தான்."

அவர் ஒன்றும் சொல்லவில்லை. ரசத்தைக் குடித்து முடித்தார். கை கழுவிவிட்டு வந்து, "பரண்ல ஒண்ணு கெடக்கே, அதுவும் உனக்குத்தானா?" என்றாரே பார்க்கணும்! எனக்கு உள்ளங்கால் வரை வேர்த்துவிட்டது. அந்தப் பரண் கதையைச் சொல்வதற்காகவே இதை எழுத உட்கார்ந்தேன். என்னைப் போல இன்னொருத்தி காசைக் கரியாக்காமல் இருக்கட்டும்.

எங்களுக்கு ஊர் பாளையங்கோட்டை. பள்ளிக்கூடங்களுக்குப் பேர்போன ஊர். நான் ஆறாவது படிக்கும்போது பள்ளிக்கூட ஹாலில் ஒரு பியானோ இருந்தது. பழுப்புத் துணி போட்டு மூடியிருக்கும். காலையில் ஒரு டீச்சர் துணியை மடித்து வைத்துவிட்டு வாசிப்பார். அவர் விரலை எடுத்த பிறகும் ஒரு நாதம் ஹாலில் சுற்றிக்கொண்டிருக்கும். கற்றுக்கொள்ளத் தனிக் கட்டணம். அப்பா ஜவுளிக்கடையில் கணக்கு எழுதியவர். நாங்கள் நாலு பேர். கேட்டேன், "அடுத்த வருஷம் பாப்போம்" என்றார். அந்த அடுத்த வருஷம் வரவேயில்லை. பத்தாவது முடித்தேன், தையல் கற்றேன், 1998-ல் கல்யாணம். அதற்கப்புறம் பியானோவை யார் நினைத்தார்கள்?

மகள் வேலைக்குப் பெங்களூர் போனாள். பையன் பிளஸ் ஒன் சேர்ந்தான். மத்தியானம் மூன்று மணிக்கு மேல் வீடு சத்தமில்லாமல் கிடந்தது. அப்போது தான் பழைய ஆசை தலைதூக்கியது. நிஜப் பியானோவுக்கு நம் வீட்டில் காசும் இல்லை, இடமும் இல்லை. இருநூறுக்கு மேல் கம்பிகளை இழுத்துப் பூட்டின இரும்புச் சட்டம் உள்ளே இருக்கிறது. தூக்கி வைக்கவே நாலு ஆள் வேண்டும். அதனால் கீபோர்டுதான் என்று முடிவு செய்தேன்.

முதல் தப்பு, 2022-ல். போனில் படம் பார்த்து 1,900 ரூபாய்க்கு ஒன்று வரவழைத்தேன். பார்க்க அழகாக இருந்தது. பிரித்தால் கட்டைகள் எல்லாம் குழந்தை விரலுக்குச் செய்தவை. ஒரு கட்டையை அமுக்கினால் பக்கத்துக் கட்டையும் சேர்ந்து கத்தியது. மூன்று விரலுக்கு மேல் வைத்தால் முதலில் அமுக்கினது வாயடைத்துப் போனது. நாலு வயதுக் குழந்தை தட்டி விளையாட அது போதும். நாத்தனார் பேத்திக்குக் கொடுத்துவிட்டேன். அவளுக்கு ஒரே கொண்டாட்டம்.

இரண்டாவது தப்பு பெரியது. தெரிந்தவர் வீட்டில், பையன் காலேஜுக்குப் போய்விட்டான் என்று ஒரு பழைய கீபோர்டை 3,000 ரூபாய்க்குக் கொடுத்தார்கள். நல்ல கீபோர்டு, முழு அளவுக் கட்டை. ஆனால் அடாப்டர் தொலைந்துபோய்விட்டது. பேட்டரி போட்டு வாசித்துக் காட்டினார்கள், பாடியது. வீட்டுக்குக் கொண்டு வந்தேன். பையனுடைய இன்டர்நெட் பெட்டிக்கு ஒரு அடாப்டர் இருக்கிறதல்லவா, அதன் முனை இந்தத் துவாரத்தில் அச்சாகப் பொருந்தியது. அதையே செருகி சுவிட்சைப் போட்டேன். சின்னதாக ஒரு 'டிக்' சத்தம். கருகின வாசனை. அவ்வளவுதான்.

ரேடியோ ரிப்பேர் செய்யும் தம்பியிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன். அவர் பின்னால் திருப்பிப் பார்த்துவிட்டு, "யக்கா, துவாரம் ஒண்ணா இருந்தாப் போதுமா? இங்க என்ன போட்டிருக்கு பாருங்க" என்றார். துவாரத்துக்குப் பக்கத்தில் 9 வோல்ட் என்று அச்சடித்திருந்தது. நான் செருகினது 12 வோல்ட். அதோடு ஒரு சின்னப் படம் இருந்தது. நடுவில் ஒரு புள்ளி, அதைச் சுற்றி ஒரு அரைவட்டம், இரண்டு பக்கமும் கூட்டல் குறியும் கழித்தல் குறியும். புள்ளியிலிருந்து போகும் கோடு எந்தக் குறியில் முடிகிறதோ, முனையின் நடுத்துவாரம் அந்தக் குறி. என் கீபோர்டுக்கு நடுவில் கழித்தல். செருகின அடாப்டருக்கு நடுவில் கூட்டல். ஏறுக்கு மாறு. உள்ளே இருந்த பலகை போய்விட்டது. சரிசெய்யும் செலவு வாங்கின விலையைத் தாண்டும் என்றார்.

அந்த 3,000 ரூபாய் நான் ஜாக்கெட் தைத்துச் சேர்த்தது. வீட்டில் சொல்ல வாய் வரவில்லை. பழைய போர்வையில் சுற்றிப் பரணில் ஏற்றிவிட்டேன். ஒரு வருஷத்துக்கு மேல் அது அங்கேயே இருந்தது. தண்ணீர்ப் பாத்திரம் எடுக்க ஏறும்போதெல்லாம் நெஞ்சு சுருக்கென்றது. அவருக்குத் தெரியவே தெரியாது என்று நினைத்திருந்தேன். போன பொங்கலுக்கு வெள்ளையடிக்க ஆள் வந்தபோதே பார்த்துவிட்டாராம்! பத்து மாதம் வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறார், மனுஷர்.

அன்றைக்கு எல்லாவற்றையும் சொன்னேன். அடாப்டர் கதையைக் கேட்டதும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சரி, இந்தத் தடவை கடையில போயி வாங்கு. பிரிட்ஜ் கதவுக்கு ரப்பர் மட்டும் மாத்திப் பாப்போம்" என்றார்.

மூன்றாவது தடவை நான் அவசரப்படவில்லை. அடுத்த தெருவில், சர்ச்சில் வாசிக்கும் ஒரு டீச்சர் இருக்கிறார். முதலில் அவரிடம் போனேன். "கீபோர்டு கத்துக்கப் போறியா, பியானோ கத்துக்கப் போறியாம்மா?" என்று கேட்டார். இரண்டும் ஒன்று என்றல்லவா நினைத்திருந்தேன்! இல்லையாம். டிரினிட்டி காலேஜ் லண்டன் நடத்தும் பரீட்சையில்கூட இரண்டுக்கும் தனித்தனிப் பாடத்திட்டம். கீபோர்டில் இடது கை ஒரு கட்டுச் சுரத்தை அமுக்க, தாளத்தைப் பெட்டியே போட்டுக்கொள்ளும். பியானோவில் எல்லாம் நம் பத்து விரல்தான். குழந்தையைப் பியானோ பரீட்சைக்கு அனுப்ப நினைக்கிற தாய்மார்கள் பெட்டி வாங்குமுன் டீச்சரைக் கேட்டுவிடுவது நல்லது.

பியானோ கட்டைக்கு ஒரு கனம் உண்டு. அமுக்கினால் உள்ளே ஒரு சுத்தி எழும்பிக் கம்பியைத் தட்டும். மெல்ல அமுக்கினால் மெல்லிய ஒலி, ஓங்கி அமுக்கினால் பெரிய ஒலி. 1700-ஐ ஒட்டி இத்தாலியில் கிறிஸ்டோஃபோரி என்பவர் இதைச் செய்தபோது அதுதான் அதிசயம். இத்தாலி மொழியில் 'பியானோ' என்றால் மெல்ல, 'ஃபோர்த்தே' என்றால் பலமாக. பியானோஃபோர்த்தே என்ற பெயரே அப்படி வந்ததுதான். இந்தக் கனத்தோடு 88 கட்டை உள்ள மின்சாரப் பியானோ நான் விசாரித்தபோது நாற்பதாயிரத்துக்குப் பக்கம் சொன்னார்கள். என் மடியில் இருந்ததோ பதினேழு.

"அதுக்காக விட்டுராத. 61 கட்டை போதும். ஆனா அழுத்தத்துக்குத் தக்கன ஒலி மாறணும். அது இல்லாததை வாங்காத" என்றார் டீச்சர். டச் ரெஸ்பான்ஸ் என்று கடையில் கேட்க வேண்டுமாம். சாய்க்காலில் வெறும் பெடலா, பிரேக்கும் உண்டா என்று பார்ப்போமில்லையா, அப்படி.

ஜங்ஷன் பக்கம் ஒரு கடைக்கு என்னவரும் கூட வந்தார். கடைப் பையன் நல்ல பையன்தான், ஆனால் ஐந்நூறு ஒலி, இருநூறு தாளம் என்று அடுக்கிக்கொண்டே போனான். நாய் குரைக்கிற ஒலிகூட இருந்தது. நான் பையிலிருந்து தையல் டேப்பை எடுத்தேன். ஏழு வெள்ளைக் கட்டையை அளந்தால் ஆறரை அங்குலம் இருக்க வேண்டும். பியானோவில் அதுதான் கணக்கு. நான் முதலில் வாங்கி ஏமாந்ததில் ஒரு அங்குலம் குறைச்சல். பிறகு ஒரே கட்டையை மெல்லவும் ஓங்கியும் அமுக்கிக் கேட்டேன். ஒரு மாடலில் இரண்டும் ஒரே சத்தம், ஒதுக்கிவிட்டேன். இரண்டு கையாலும் எட்டு, பத்துக் கட்டையைச் சேர்த்து அமுக்கி, எல்லாம் கேட்கிறதா என்று பார்த்தேன். கடைசியாக இடது ஓரத்திலிருந்து 61 கட்டையும் ஒவ்வொன்றாக. "பட்டுச் சேலைக்கு இழை பாக்கிற மாதிரில்லா பாக்கா" என்று என்னவர் கடைக்காரரிடம் சொன்னது காதில் விழுந்தது. விழட்டுமே.

யமஹா, கேஸியோ இரண்டிலும் டச் உள்ளதும் உண்டு, இல்லாததும் உண்டு. பெட்டியின் முகம் ஒரே மாதிரி இருக்கும், நம்பர்தான் வேறு. கம்பெனிப் பெயரைக் கேட்டு மட்டும் வாங்கக் கூடாது. நான் எடுத்தது 12,900 ரூபாய். ஸ்டாண்டு 1,250. கால் பெடல் 850. ஹெட்போன் 600. ஆக 15,600. அடாப்டர் பெட்டியோடு வந்தது. அதன் மேல் சிவப்பு நெயில் பாலிஷால் ஒரு பொட்டு வைத்தேன். இன்னொரு அடாப்டரும் அதற்குப் பக்கத்தில் போகாது.

மிச்சமிருந்ததில் 1,100 ரூபாய்க்குப் பிரிட்ஜ் கதவு ரப்பர் மாற்றினோம். இன்றைக்கும் ஓடுகிறது.

வாங்கி வந்தால் வேலை முடிந்தது என்று நினைத்தேன். ஸ்டாண்டை மாட்டத் தெரியாமல் முதல் வாரம் சாப்பாட்டு மேஜையில் வைத்து வாசித்தேன். மூன்றாம் நாள் தோள்பட்டை கழன்று விழுகிற மாதிரி வலி. தைலம் தேய்த்துக்கொண்டு பாடத்துக்குப் போனால் டீச்சர் கோபித்துக்கொண்டார். மேஜை முப்பது அங்குலம். அதன் மேல் கீபோர்டு நாலு அங்குலம். முழங்கையைத் தூக்கிக்கொண்டே வாசித்தால் வலிக்காமல் என்ன செய்யும்? தரையிலிருந்து கட்டையின் மேல்பக்கம் 28, 29 அங்குலம் இருந்தால் போதும். உட்கார்ந்து கையைத் தொங்கவிட்டு மடக்கினால், முழங்கையும் கட்டையும் ஒரே மட்டத்தில் வர வேண்டும். கட்டிலில் வைத்துச் சம்மணம் போட்டு வாசிப்பதும் ஆகாது. மணிக்கட்டு மடங்கும், முதுகு கூனும். நாற்காலி குட்டையாக இருந்ததால் போர்வையை இரண்டாக மடித்துப் போட்டேன். பிள்ளைகளுக்குக் கால் தரையில் எட்டாவிட்டால் ஒரு மணைப்பலகை வைத்துவிடுங்கள். காலை ஆட்டிக்கொண்டே உட்கார்ந்தால் கையும் நிலைகொள்ளாது.

ஸ்டாண்டு என்பது கத்திரிக்கோல் மாதிரி விரியும் இரும்புக் கால். எந்தக் குழியில் பூட்டுகிறோமோ அந்த உயரம் நிற்கும். பூட்டு முழுசாக விழுந்ததா என்று ஒருமுறை அசைத்துப் பார்த்துவிட்டுத்தான் கீபோர்டை ஏற்ற வேண்டும். எங்கள் பையன் பாதி பூட்டினதை நான் பார்த்ததால் பிழைத்தது.

பெடலும் ஒருநாள் என்னை அழவைத்தது. காலை எடுத்தால் நாதம் நீள்கிறது, வைத்தால் நிற்கிறது! தலைகீழ். கெட்டுப்போய்விட்டது, மறுபடியும் என் ராசி என்று உட்கார்ந்துவிட்டேன். விஷயம் ஒன்றுமில்லை. பெடல் மேல் கால் வைத்தபடியே சுவிட்சைப் போட்டிருக்கிறேன். அணைத்து, காலை எடுத்து, மறுபடி போட்டதும் சரியாகிவிட்டது. மொசைக் தரையில் பெடல் வழுக்கிக்கொண்டே போகும். அடியில் சைக்கிள் டியூப் துண்டு ஒன்றை வெட்டிப் போட்டேன். இப்போது நகர்வதில்லை.

ஹெட்போன் விஷயத்திலும் ஒன்று. பையன் தன்னுடைய ஒயர் இல்லாத புளூடூத்தைக் கொடுத்தான். கட்டையை அமுக்கின பிறகு ஒலி கொஞ்சம் தாமதித்துக் காதுக்கு வந்தது. தாளம் எப்படி நிற்கும்? ஒயர் உள்ளதுதான் இதற்குச் சரி. சில கீபோர்டில் துவாரம் பெரிதாக இருக்கும். அதற்கு ஒரு மாற்றுப் பின் கடையில் கிடைக்கும். மாட்டுமுன் ஒலியைக் குறைத்துக்கொள்ளுங்கள், காது நம்முடையது.

மற்றபடி பராமரிப்பு பெரிதாக ஒன்றுமில்லை. சமையல்கட்டுப் பக்கம் வைக்காதீர்கள், எண்ணெய்ப் புகை படிந்து கட்டை பிசுபிசுக்கும். வெயில் விழும் ஜன்னலோரமும் வேண்டாம். பழைய நூல் சேலையில் ஒரு உறை தைத்துப் போட்டுவிட்டேன். பல்லி, தூசி தொல்லை இல்லை.

மூன்று மணிக்குமேல் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்காருவேன். அத்தைக்கு அது தூங்கும் நேரம். அத்தைக்கு எழுபத்து மூன்று வயது. மாமா 2016-ல் தவறிய பிறகு பேச்சு குறைந்துவிட்டது. கட்டிலில் படுத்தபடி என் விரலையே பார்த்துக்கொண்டிருப்பார். ஹெட்போன் போட்டிருப்பதால் அவருக்குக் கேட்பது வெறும் 'டொக், டொக்' சத்தம்தான். எனக்கு அது உறைக்கவேயில்லை.

ஒருநாள், "ஏளா, அந்தக் காதுல மாட்டினதைக் கழத்து. எனக்கும் கேக்கட்டும்" என்றார்.

கழற்றினேன். டீச்சர் சொல்லிக்கொடுத்த முதல் பாடம்: இரண்டு கறுப்புக் கட்டைக்கு இடது பக்கத்து வெள்ளையிலிருந்து வரிசையாக எட்டு. வாசித்தேன். அத்தை எழுந்து உட்கார்ந்துவிட்டார். "சங்கராபரணம்லா வாசிக்கே! இது ஒரு கட்டை சுருதி. எனக்கு அஞ்சு கட்டை" என்றார்.

இத்தனை வருஷத்தில் அத்தைக்குச் சங்கீதம் தெரியும் என்று எனக்குத் தெரியாது! அவர் கல்யாணத்துக்கு அப்பா வீட்டிலிருந்து ஒரு ஆர்மோனியப் பெட்டி வந்ததாம். வெள்ளிக்கிழமை பஜனைக்கு வாசித்துக்கொண்டே பாடுவாராம். 1994-ல் நாத்தனார் கல்யாணத்துக்குப் பணம் இடித்தபோது மாமா அதை விற்றுவிட்டார். "யாரும் எங்கிட்டக் கேக்கல. காலையில பார்த்தா மூலை காலியா இருந்துது" என்றார். அழவில்லை. விலை போன புளியமூட்டையைச் சொல்வது போலச் சொன்னார். நான் பரணில் ஒளித்து வைத்ததை நினைத்துக்கொண்டேன்.

நாம் பாட்டில் ஒரு கட்டை, அஞ்சு கட்டை என்று சுருதி சொல்வது இந்த ஆர்மோனியக் கட்டையை எண்ணித்தான். முதல் வெள்ளை ஒரு கட்டை, அடுத்த வெள்ளை இரண்டு கட்டை, நடுவில் இருக்கும் கறுப்பு ஒன்றரை. அஞ்சாவது வெள்ளை அஞ்சு கட்டை. கீபோர்டில் டிரான்ஸ்போஸ் என்று ஒரு வசதி உண்டு. அதைக் கழித்தல் 5-ல் வைத்தால், நான் நடு ஒரு கட்டையை அமுக்கினாலும் கீழ் அஞ்சு கட்டை ஒலிக்கும். டீச்சரிடம் கேட்டு வந்து மறுநாள் வைத்துக் கொடுத்தேன். பியானோ ஒலி அமுக்கிப் பிடித்தாலும் தேய்ந்துபோகும். அதனால் ஆர்கன் ஒலிக்கு மாற்றி, ஸ, ப, மேல் ஸ மூன்றையும் பிடித்துக்கொண்டேன்.

அத்தை வாயைத் திறந்தார். குரல் எழும்பவில்லை. இருமினார். மறுபடி. "வேண்டாம்ளா, போச்சு" என்று படுத்துவிட்டார். எனக்குச் சங்கடமாகிவிட்டது. தூண்டிவிட்டது நான்தானே!

இரண்டு நாள் கழித்து டிரான்ஸ்போஸைக் கழித்தல் 8-க்கு இறக்கினேன். அது மூன்று கட்டை. அவரிடம் சொல்லவில்லை. சும்மா சுருதியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் கட்டிலிலிருந்து மெல்ல ஒரு 'ஸா' வந்தது. கரகரப்பாகத்தான் இருந்தது; ஆனால் சேர்ந்தது. அதற்கு மேல் ப வரை ஏறி, அங்கே நின்றுகொண்டார்.

பாடி முடித்ததும் குறை சொல்லவும் தொடங்கிவிட்டார். "இது படிதான் ஏறும், வழுக்காது. தோடியை வச்சு என்ன செய்வே?" கமகம் வராது என்கிறார். அவர் சொல்வதும் சரிதான். அந்தக் குறைக்காகத்தான் ஆர்மோனியத்துக்கே 1940-லிருந்து 1971 வரை நம் ரேடியோவில் தடை இருந்தது. தோடி எனக்கு வேண்டாம். இரண்டு கையும் சேர்ந்து வந்தால் போதும். ஆர்மோனியத்தில் இடது கைக்குத் துருத்திதான் வேலை. பியானோவில் இடது கையும் பாடவேண்டும். என் இடது கை இன்னும் வலது கை செய்வதையே செய்யப் பார்க்கிறது. முறுக்கு பிழிகிற கைதானே, தனியாக ஒன்றும் பழகியதில்லை.

இப்போது நாலு மணி ஆனால் அத்தையே கேட்கிறார், "என்ன, இன்னும் துணியை எடுக்கலியா?" அரைமணி எனக்கு, கால்மணி அவருக்கு. முதலில் அவருக்கு வைத்தால் பிறகு என் பாடத்தில் தப்புக் கண்டுபிடிப்பார் என்பதால், என்னுடையதை முதலில் முடித்துக்கொள்கிறேன். மகள் பெங்களூரிலிருந்து, "88 கட்டை வாங்கித் தாரேம்மா" என்கிறாள். இரண்டு கையும் சேரட்டும், பிறகு பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறேன்.

பரணில் இருந்ததை அந்த ரேடியோ தம்பி 400 ரூபாய்க்கு எடுத்துக்கொண்டார், உள்ளே உள்ள ஸ்பீக்கருக்காக. பணத்தை என்னவரிடம் கொடுத்தேன். எண்ணிப் பார்த்துவிட்டு, "மீதி 2,600?" என்றார்.